படிச்சது பத்து... விட்டது எத்தனை?

'லிட்ரேச்சர் சர்வே' என்று சொன்னதுமே ஃபைனல் இயர் மக்களுக்கு ஒரு கொட்டாவி வரும். சீனியரோட ரிப்போர்ட்டைத் திற, ரெண்டாவது சாப்டரை எடு, நாலு பேரை மாத்து, ஸ்பைரல் பைண்டிங் போடு... முடிஞ்சது கதை! 'வைவாவுல அதையெல்லாம் யார் பாஸ் படிக்கப் போறாங்க?' என்பதுதான் காலங்காலமாகக் கேம்பஸில் உலவும் தத்துவம்.

ஆனால், அந்த ரெண்டாவது சாப்டரில் விழுந்த ஓட்டையால் ஓர் உயிரே போன கதை தெரியுமா?

2001 மே. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். உலகப் புகழ் பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி ஒரு ஆராய்ச்சி. நோயே இல்லாத ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 'ஹெக்ஸாமெத்தோனியம்' என்ற மருந்தை மூச்சு வழியே கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிச் சுவாசித்தவர்களில் ஒருவர், அங்கேயே ஆய்வகத்தில் வேலை பார்த்த 24 வயதுப் பெண். சில நாட்களில் அவருடைய நுரையீரல் செயலிழந்தது. ஜூன் 2ஆம் தேதி இறந்துபோனார்.

விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் நமக்கு முக்கியம். இந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம் என்று 1950களிலேயே ஆய்வுக் கட்டுரைகள் வந்திருந்தன. ஆராய்ச்சியாளர் தேடாமல் இல்லை. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடினார், பாடப்புத்தகங்களைப் பார்த்தார். ஆனால், அன்றைக்கு பப்மெட்டில் 1966க்குப் பிந்தைய கட்டுரைகள்தான் இருந்தன. எச்சரிக்கை இருந்ததோ அதற்கு முந்தைய பத்தாண்டில்! அடுத்த மாதமே அமெரிக்க அரசு, தன் நிதியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்துவந்த மனித ஆய்வுகளில் பெரும்பாலானவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

தேடினோம் என்று சொன்னால் போதாது. எங்கே தேடினோம், என்ன வார்த்தை போட்டுத் தேடினோம், எதை எதற்காகத் தள்ளினோம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர்தான் 'சிஸ்டமேட்டிக் லிட்ரேச்சர் ரிவியூ'. அதை லேசாக்க இப்போது ஏகப்பட்ட சாஃப்ட்வேர் வந்துவிட்டது. பாதிக்கு மேல் இலவசம். வாங்க, ஒரு ரவுண்ட் போகலாம்!

சேர்த்துப் பார்த்தா தெரிஞ்சிருக்கும்!

சாதாரண சர்வேயில் நமக்குப் பிடித்த பத்துக் கட்டுரையைப் படித்து எழுதுவோம். சிஸ்டமேட்டிக் ரிவியூவில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு உலகத்தில் யார் யார் என்ன விடை கண்டிருக்கிறார்கள் என்று முடிந்தவரை மொத்தத்தையும் திரட்ட வேண்டும். விதிமுறைகளை முன்கூட்டியே எழுதிவைத்து, அதன்படி சலித்து, தரம் பார்த்து, கடைசியில் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறொருவர் அதே வழியில் போனாலும் அதே இடத்துக்கு வந்து சேரணும். அதுதான் டெஸ்ட்.

சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? ரெண்டு உதாரணம்.

ஒன்று, மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் 'ஸ்ட்ரெப்டோகைனேஸ்' மருந்து பற்றி 1959 முதல் 1988 வரை 33 ஆய்வுகள் நடந்தன. 1992இல் அவற்றை வந்த வரிசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 1973லேயே, வெறும் 8 ஆய்வுகளும் 2,432 நோயாளிகளும் முடிந்த கட்டத்திலேயே, 'இந்த மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது' என்பது தெளிவாகியிருந்தது. ஆனால் யாரும் கூட்டிப் பார்க்காததால், அதற்குப் பிறகும் 25 ஆய்வுகள். 34,542 நோயாளிகள். அதில் ஒரு பகுதியினர் மருந்து கொடுக்கப்படாத குழுவில்!

இரண்டு, தொட்டில் குழந்தைகள். கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்து அதிகம். இது ஊருக்கே தெரிந்து பிரசாரம் ஆரம்பித்தது 1990 வாக்கில். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு பழைய கட்டுரைகளை எல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு அதிர்ச்சியான ஒன்றைச் சொன்னது. 1970லேயே ஒரு சிஸ்டமேட்டிக் ரிவியூ செய்திருந்தால் இந்த ஆபத்து தெரிந்திருக்கும். பிரிட்டனில் மட்டும் 10,000 குழந்தைகளுக்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகள் தப்பியிருக்கலாம்.

தகவல் இல்லாமல் இல்லை. சிதறிக் கிடந்தது. அவ்வளவுதான்.

வேலூர் கனெக்‌ஷன்

'மருத்துவ உலகம் தன் ஆதாரங்களைத் திரட்டிவைக்க வேண்டாமா?' என்று 1970களில் திரும்பத் திரும்பக் கேட்டவர் பிரிட்டிஷ் டாக்டர் ஆர்ச்சி காக்ரேன். அவர் பெயரிலேயே 1993இல் ஆக்ஸ்ஃபோர்டில் அயன் சால்மர்ஸ் முன்னின்று தொடங்கிய அமைப்புதான் காக்ரேன். இன்றைக்கும் மருத்துவ ரிவியூ என்றால் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. காக்ரேனின் தெற்காசிய மையம் இயங்கியது வேலூர் சி.எம்.சி.யில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடற்கரை ஊர்களில் மக்களுக்கு மனநல உதவி செய்ய நிறைய பேர் கிளம்பி வந்தார்கள். நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் மறுபடி நினைவுபடுத்திப் பேசவைக்கும் 'டிப்ரீஃபிங்' முறை நல்லதா, கெட்டதா என்ற கேள்வி வந்தது. ஏற்கெனவே ஒரு காக்ரேன் ரிவியூ இதற்கு விடை வைத்திருந்தது: பிற்கால மனப் பாதிப்பை இது தடுப்பதாக ஆதாரம் இல்லை, ஓர் ஆய்வில் ஒரு வருடம் கழித்துப் பாதிப்பு கூடியே இருந்தது. பேரிடர் நேரத்தில் இப்படித் திரட்டிய ஆதாரங்களை உடனே கையில் கொடுக்க 'எவிடென்ஸ் எய்ட்' என்ற முயற்சியே அந்தச் சுனாமிக்குப் பிறகுதான் பிறந்தது. சி.எம்.சி. மனநல மருத்துவர் பிரதாப் தரியனும் சக ஆய்வாளர்களும் 2005இல் இதைக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள்.

'அட, இதெல்லாம் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்குப்பா' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். 2004இல் பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா கிட்சன்ஹாம், சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங்குக்கும் இதே முறையைக் கொண்டுவந்தார். 'இந்த டெஸ்டிங் முறை நல்லது' என்று குருட்டாம்போக்கில் சொல்லாதே, ஆதாரத்தைத் திரட்டிக் காட்டு என்றார். இப்போது கல்வியியல், சமூகப்பணி, சுற்றுச்சூழல், மேனேஜ்மென்ட் என்று எல்லா டிபார்ட்மென்டிலும் இந்தக் காற்று அடிக்கிறது.

ஒரே சிக்கல், நேரம். 195 மருத்துவ ரிவியூக்களை எடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பதிவு செய்ததிலிருந்து வெளியாகும்வரை சராசரியாக 67 வாரம் ஆகிறது என்றது. ஒரு வருஷம் மூணு மாசம்! நம்ம செமஸ்டரே அஞ்சு மாசம்தானே பாஸ்? இங்கேதான் சாஃப்ட்வேர் கை கொடுக்கிறது.

ஸ்டெப் 1: கேள்வியைக் கூர் தீட்டு

ஒரு உதாரணக் கேள்வியோடு போவோம். 'ராத்திரி மொபைல் நோண்டினா காலேஜ் பசங்க தூக்கம் கெடுமா?'

இதை நாலு துண்டாக வெட்ட வேண்டும். யார் (கல்லூரி மாணவர்கள்), எது (படுக்கையில் மொபைல்), எதோடு ஒப்பிட்டு (மொபைல் பார்க்காதவர்கள்), என்ன விளைவு (தூக்க நேரம், தூக்கத் தரம்). இதற்கு 'பிகோ' என்று பெயர். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் 'எந்தச் சூழலில்' என்று ஐந்தாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இதற்கென்றே ஒரு ஆன்லைன் கருவி 'பார்ஸிஃபல்'. சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங் ரிவியூக்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. கேள்வி, தேடல் சொற்கள், சேர்க்கும் விதி, தள்ளும் விதி, தரம் பார்க்கும் கேள்விகள் என்று வரிசையாகக் கட்டம் கட்டமாகக் கேட்கும். நிரப்பி முடித்தால் உங்கள் திட்டம் ரெடி. பிரேசிலின் சாவ் கார்லோஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஸ்டார்ட்' என்ற இலவசக் கருவியும் இதே வகை.

உடல்நலம் சம்பந்தப்பட்ட தலைப்பென்றால், திட்டத்தை 'ப்ராஸ்பெரோ' என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதியலாம். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கியது. அதில் ஒரு தேடல் போட்டாலே, உங்கள் கேள்வியை வேறு யாராவது ஏற்கெனவே கையில் எடுத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். ஆறு மாத உழைப்பு மிச்சம்!

ஸ்டெப் 2: வலையைப் பெரிசா வீசு

'கூகுள் ஸ்காலர் போதாதா?' என்பீர்கள். ஆரம்பிக்க நல்ல இடம். ஆனால் எத்தனை லட்சம் கிடைத்ததாகச் சொன்னாலும் அது காட்டுவது முதல் ஆயிரம்தான். அந்த ஆயிரமும் எந்த அடிப்படையில் வரிசையானது என்பது கூகுளுக்கே வெளிச்சம். அதனால் அதை மட்டும் நம்பி ஒரு ரிவியூவை எழுத முடியாது.

பப்மெட் எல்லோருக்கும் இலவசம். 3 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் இருக்கின்றன. இன்ஜினீயரிங் என்றால் ஐட்ரிபிள்ஈ எக்ஸ்ப்ளோர், ஏ.சி.எம். நூலகம். எல்லாத் துறைக்கும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ். உங்கள் லைப்ரரியில் எதற்குச் சந்தா இருக்கிறது என்று லைப்ரேரியனிடம் கேளுங்கள். புத்தகம் ரினியூ பண்ண மட்டும் அவரைத் தேடிப் போவது, ஏ.ஆர்.ரஹ்மானைக் கூப்பிட்டு காலிங் பெல் அடிக்கச் சொல்கிற மாதிரி! இந்தியாவில் நடந்த பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா' இருக்கிறது.

தேடும் சொற்களைக் கோக்க மூன்றே மந்திரம்தான். ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே 'ஆர்' போடுங்கள்: மொபைல் ஆர் செல்போன் ஆர் ஸ்மார்ட்போன். வெவ்வேறு துண்டுகளுக்கு நடுவே 'ஆண்ட்': மொபைல் கூட்டம் ஆண்ட் தூக்கக் கூட்டம் ஆண்ட் மாணவர் கூட்டம். மூன்றாவதான 'நாட்' கத்தி மாதிரி. வேண்டியதையும் வெட்டிவிடும், ஜாக்கிரதை.

எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்கோவை, எத்தனை முடிவு. இந்த நாலையும் அப்போதே ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். மூணு மாசம் கழித்து கைடு கேட்கும்போது ஞாபகசக்தி கை கொடுக்காது.

கட்டுரை கிடைக்கிறது, திறந்தால் காசு கேட்கிறது... என்ன செய்ய? 2025 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்க்ரிப்ஷன்' திட்டம் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கான திட்டம் இது. தனியார் கல்லூரி மாணவர் என்றால் 'அன்பேவால்' என்ற பிரவுசர் இணைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் அதுவே காட்டும். இல்லையா, கட்டுரை எழுதியவருக்கு மரியாதையாக ஒரு மெயில். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பிவிடுவார்கள். தன் கட்டுரையையும் ஒருவர் படிக்கிறாரே என்கிற சந்தோஷம்!

ஸ்டெப் 3: ரெட்டைப் பிள்ளைகளைப் பிடி

ஒரே கட்டுரை பப்மெட்டிலும் வரும், ஸ்கோபஸிலும் வரும். ரெண்டு தடவை எண்ணிவிட்டால் மொத்தக் கணக்கும் கோவிந்தா.

இங்கே ஹீரோ 'ஸோட்டெரோ'. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இலவச, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். பிரவுசரில் ஒரு கிளிக்கில் கட்டுரை விவரம் உள்ளே வந்துவிடும். ஒரே மாதிரி இருப்பவற்றைத் தனியே பிரித்துக் காட்டும், நீங்கள் பார்த்து ஒன்றாக்கலாம். வேர்டில் எழுதும்போது மேற்கோள் பட்டியலைத் தானே போடும். கைடு 'ஸ்டைலை மாத்துப்பா' என்றால் ஒரே கிளிக்!

இன்னொரு சூப்பர் வசதியும் உண்டு. நீங்கள் சேமித்த கட்டுரை பின்னாளில் வாபஸ் பெறப்பட்டிருந்தால், சிவப்புப் பட்டை போட்டு எச்சரிக்கும். இது எவ்வளவு முக்கியம் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

மெண்ட்லே, எண்ட்நோட், ஜேப்ரெஃப் எல்லாமும் இதே வேலைக்குத்தான். எண்ட்நோட் காசு. லேட்டெக்ஸ் பிரியர்களுக்கு ஜேப்ரெஃப் செட் ஆகும்.

ஸ்டெப் 4: சல்லடை போடு... ஜோடியா!

900 கட்டுரைத் தலைப்பு, சுருக்கம் கையில் இருக்கிறது. எது வேண்டும், எது வேண்டாம்? விதி என்னவென்றால், ரெண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கணும். ஒருத்தர் முடிவு இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. கிட்டத்தட்ட எக்ஸாம் ஹால் மாதிரி, பிட்டுக்கு இடமில்லை.

இதற்காகவே பிறந்தது 'ரய்யான்'. கத்தார் நாட்டு கம்ப்யூட்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. மொபைலிலும் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் மூணு முடிவு: சேர், தள்ளு, யோசிக்கணும். முக்கியமான சொற்களைக் கலர் அடித்துக் காட்டும். 'பிளைண்ட்' பட்டனைப் போட்டுவிட்டால் நண்பரின் முடிவு தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு எடுத்துவிட்டால், மோதல்கள் மட்டும் தனியே வந்து நிற்கும். உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்க்கலாம்! இலவசத் திட்டம் உண்டு, கூடுதல் வசதிக்குக் காசு.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வரும் 'கோவிடென்ஸ்', கனடாவின் 'டிஸ்டிலர் எஸ்.ஆர்.' இரண்டும் இதைவிட விரிவானவை. காசும் விரிவானது. லைப்ரரி வாங்கிக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போனோம் என்பதற்கு ஒரு மார்க் உண்டு. 1960இல் ஜேக்கப் கோஹன் சொன்ன 'கப்பா'. சின்னக் கணக்கு. 100 கட்டுரை. ரெண்டு பேரும் 'சேர்' சொன்னது 20, ரெண்டு பேரும் 'தள்ளு' சொன்னது 60, மீதி 20இல் ஆளுக்குப் பத்து தடவை தனியாக 'சேர்' சொன்னார்கள். ஒத்துப்போனது 80 சதவீதம். ஆஹா, டிஸ்டிங்ஷன்! ஆனால் பொறுங்க. கண்ணை மூடிக்கொண்டு இதே விகிதத்தில் பட்டனை அமுக்கியிருந்தாலே 58 சதவீதம் தற்செயலாக ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கப்பா மார்க் சுமார் 0.52தான். சுமார் மூஞ்சி குமாரு! உங்கள் விதிமுறையில் ஏதோ குழப்பம் இருக்கிறது, திரும்பப் படித்துப் பாருங்கள் என்று அர்த்தம்.

ஸ்டெப் 5: மெஷின் கூட கூட்டணி

900 என்றால் சரி. 9,000 என்றால்?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஏ.எஸ்.ரிவியூ' இங்கே வருகிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். பைத்தான் தெரிந்தவர்களுக்கு இன்ஸ்டால் செய்ய ஒரு வரி போதும். வேலை செய்கிற விதம் சுவாரஸ்யம். 'இது வேணும், இது வேணாம்' என்று சில கட்டுரைகளை நீங்கள் காட்டுகிறீர்கள். அதிலிருக்கும் சொற்களை வைத்து மீதியை அது வரிசைப்படுத்துகிறது. 'இது உனக்குப் பிடிக்கும்' என்று முதலில் ஒன்றை நீட்டும். நீங்கள் ஆம், இல்லை சொன்னதும் மறுபடி கற்றுக்கொண்டு அடுத்ததை நீட்டும். வேண்டிய கட்டுரைகள் எல்லாம் க்யூவில் முன்னால் வந்துவிடும்.

எவ்வளவு மிச்சம்? அவர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையில், ஏற்கெனவே முடிந்த நாலு ரிவியூக்களின் தரவை வைத்துச் சோதித்தார்கள். மொத்தத்தில் 8 முதல் 33 சதவீதம் படித்தாலே, வேண்டிய கட்டுரைகளில் 95 சதவீதம் கிடைத்துவிட்டது.

விசில் அடிக்கும் முன்னால் ஒரு நிமிஷம். மீதி 5 சதவீதம்? அதில்தான் 1950களின் எச்சரிக்கைக் கட்டுரை ஒளிந்திருந்தால்? 'எப்போது நிறுத்துவது' என்பதுதான் இந்த வகைக் கருவிகளின் பெரிய தலைவலி. மெஷின் 'போதும்' என்று சொல்லாது. நீங்கள்தான் விதி வைக்கணும். உதாரணமாக, தொடர்ந்து இத்தனை கட்டுரை 'வேணாம்' என்று வந்தால் நிறுத்துவேன் என்பது போல. அந்த விதியை முதலிலேயே எழுதி, ரிப்போர்ட்டிலும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெப் 6: சாறு பிழி, கணக்குக் காட்டு

கடைசியில் தேறிய கட்டுரைகளை முழுசாகப் படித்து, எத்தனை பேர், எந்த ஊர், என்ன முடிவு என்று அட்டவணை போட வேண்டும். எண்களைக் கூட்டிப் பார்க்க காக்ரேனின் 'ரெவ்மேன்', ஆர் மொழியில் 'மெட்டாஃபார்', நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் இலவச 'ஜாஸ்ப்'.

ரிப்போர்ட் எழுத 'ப்ரிஸ்மா' என்ற வழிகாட்டி. 2009இல் வந்தது, 2020இல் புதுப்பித்தார்கள். 27 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல், கூடவே ஒரு படம். அந்தப் படம்தான் மொத்தப் படத்தின் கிளைமாக்ஸ். நம்ம மொபைல்-தூக்கம் கதையில் கற்பனையாக இப்படி இருக்கலாம்: கிடைத்தவை 1,240. இரட்டைகள் 340 போக 900. சுருக்கம் பார்த்துத் தள்ளியது 780, மிச்சம் 120. முழுக் கட்டுரை கிடைக்காதவை 10. படித்தபின் காரணம் சொல்லித் தள்ளியவை 85. கடைசியில் நின்றவை 25. ஒவ்வொரு எண்ணும் அடுத்த எண்ணோடு டேலி ஆகணும். மெஸ் பில் மாதிரி!

சாட்பாட்டிடம் கேட்டா ஆகாதா?

கேட்கத் தோன்றும். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 'கலாக்டிகா' என்று ஒரு மாடலை விட்டது. கோடிக்கணக்கான அறிவியல் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்தது, கேட்டால் லிட்ரேச்சர் ரிவியூவே எழுதும் என்றார்கள். எழுதியது! இல்லாத கட்டுரைகளை, நிஜ விஞ்ஞானிகள் எழுதியதாக, அழகாக மேற்கோள் காட்டியது. மூன்றே நாளில் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாடல்கள் எவ்வளவோ தேறிவிட்டன. தேடல் சொற்களுக்கு மாற்றுச் சொல் கேட்க, புரியாத பத்தியை விளக்கச் சொல்ல, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது தரும் ஒவ்வொரு கட்டுரையையும் நீங்களே தேடித் திறந்து பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இல்லாத ஆளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலை போட்ட மாதிரி ஆகிவிடும்.

பாஸ்வேர்டு 1234

எல்லாக் கருவியும் சரியாக வேலை செய்தும் ஒரு ரிவியூ தப்பாகப் போகுமா? போகும்.

கொரோனா காலத்தில் 'ஐவர்மெக்டின்' மாத்திரை பற்றி எகிப்திலிருந்து ஒரு ஆய்வு 2020இல் இணையத்தில் வெளியானது. இறப்பு பிரமாதமாகக் குறைகிறது என்றது. பல சிஸ்டமேட்டிக் ரிவியூக்கள் அதைச் சேர்த்துக்கொண்டன. விதிமுறைப்படி பார்த்தால் சேர்க்க வேண்டியதுதானே!

லண்டனில் மாஸ்டர்ஸ் படித்த மாணவர் ஒருவருக்கு, வகுப்பு அசைன்மென்ட்டாக இந்தக் கட்டுரை வந்தது. படித்துக்கொண்டே போனவருக்கு உறுத்தல். முன்னுரையில் வரிகள் காப்பி அடித்த மாதிரி இருந்தன. மூலத் தரவைக் கொஞ்சம் காசு கட்டி வாங்கினார். கோப்புக்குப் பூட்டு. பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று யோசித்து '1234' போட்டார். திறந்துவிட்டது! உள்ளே பார்த்தால், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவர்கள் எல்லாம் ஆய்வில் பங்கேற்றதாக இருக்கிறார்கள்.

2021 ஜூலையில் அந்த ஆய்வு நீக்கப்பட்டது. அதைச் சேர்த்திருந்த ஒரு ரிவியூ குழு, தன் கட்டுரையைத் திரும்பப் பெற்று, சந்தேகத்துக்குரிய ஆய்வுகளை விட்டுவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தது. உயிரைக் காப்பாற்றும் என்ற அந்தப் பலன் காணாமல் போனது.

கவனித்தீர்களா? சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கவில்லை. பெரிய பெரிய ப்ரொஃபசர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஒரு அசைன்மென்ட்டை ஒழுங்காகப் படித்த ஸ்டூடண்ட் கண்டுபிடித்தார்.

திரட்டுவது, இரட்டையைப் பிடிப்பது, வரிசைப்படுத்துவது, எண்ணுவது... இதெல்லாம் மெஷினுக்கு. 'இது எப்படிங்க நடந்திருக்கும்?' என்று நெற்றியைச் சுருக்குவது நமக்கு. முதல் பாதிக்குக் கருவிகளை வைத்துக்கொண்டால்தான், ரெண்டாவது பாதிக்கு நேரம் கிடைக்கும்.

செலவில்லாமல் தொடங்க ஒரு காம்போ!

* திட்டம் போட: பார்ஸிஃபல். ஒரு மாலை போதும்.
* திரட்ட, இரட்டையை நீக்க: ஸோட்டெரோ.
* சலிக்க: ரய்யான். ப்ராஜெக்ட்மேட் ஒருவர் கட்டாயம்.
* கட்டுரை ஆயிரக்கணக்கில் போனால்: ஏ.எஸ்.ரிவியூ.
* கூட்டிப் பார்க்க: ஜாஸ்ப். எண்கள் ஒப்பிடும்படி இருந்தால் மட்டும்.
* எழுத: ப்ரிஸ்மா பட்டியலைப் பக்கத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஸோட்டெரோவிலிருந்து 'ரிஸ்' கோப்பாக ஏற்றுமதி செய்தால், ரய்யான், ஏ.எஸ்.ரிவியூ ரெண்டுமே அப்படியே வாங்கிக்கொள்ளும். டைப் அடிக்கிற வேலையே இல்லை.

முழு ரிவியூவுக்கு நேரமில்லையா? பரவாயில்லை. உங்கள் ப்ராஜெக்ட் தலைப்பை ஒரே கேள்வியாகச் சுருக்கி, ரெண்டே தளத்தில் தேடி, தேதியோடு கணக்கு எழுதி, ஒரு நண்பரோடு சலித்து, ஒரு ப்ரிஸ்மா படம் போட்டுப் பாருங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் 'ஏம்பா இந்தப் பத்துக் கட்டுரையை மட்டும் எடுத்தே?' என்று கேட்டால், திருதிருவென்று முழிக்க வேண்டியதில்லை. 'மீதியை ஏன் எடுக்கலைன்னும் சொல்றேன் சார்' என்று அடுத்த பக்கத்தைத் திருப்பலாம்!